ஒரு கண்ணுக்கு இரண்டு வாய்

திரையில் இருந்தது ஒரு பூனை. வீட்டுக்கு வீடு திரியும், கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்ட, சாதாரண சாம்பல் பூனை.

"என்ன தெரியுது, கேப்டன்?" என்று கேட்டார் டாக்டர் ரஜியா.

கேப்டன் தஸ்நேவிஸ் பெர்னாந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இல்லாத தொப்பியைச் சரிசெய்துகொண்டார். தூத்துக்குடித் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். வெளிக்கடலில் மலை மாதிரி வந்து நிற்கும் கப்பலை, பையனைக் காதைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்து வருவதுபோல, கயிறு கட்டித் துறைக்குள் இழுத்து வருகிற சின்னப் படகு அது. சின்னப் படகு என்று கேப்டன் முன்னால் சொல்லிவிட்டு எவரும் அரை நாளுக்குள் வீடு திரும்பியதில்லை. அத்தனை கதை கேட்க வேண்டியிருக்கும். இப்போது இரண்டாயிரத்து அறுபதுகளில் அந்தப் படகுகள் ஆளில்லாமல் தாமாகவே ஓடுகின்றன. "ஓடுது, ஆனா ஒண்ணுக்காவது ஒரு கதை சொல்லத் தெரியுமா?" என்பது கேப்டனின் கேள்வி.

"டாக்டரம்மா, இதப் பூனைன்னு சொன்னா பூனைக்கே கோவம் வரும்" என்று ஆரம்பித்தார். "கன்னுக்குட்டி உயரம் நிக்கி. மீசை ஒவ்வொண்ணும் நங்கூரக் கயிறு. கண்ணு ரெண்டும் கலங்கரை விளக்கு. அது என்னைய பாக்குத பார்வையே சரியில்ல. எதுக்கும் நீங்க காலைத் தூக்கி மேல வச்சிக்கிடுங்க."

டாக்டர் காலைத் தூக்கவில்லை. மேசைமேல் இருந்த இன்னொரு திரையைப் பார்த்தார். கேப்டனின் கண்ணுக்குள் இருக்கும் 'நிரப்பி' அவருக்கு என்ன காட்டுகிறதோ, அதை அப்படியே டாக்டருக்கும் காட்டும் திரை. அதிலும் பூனைதான் இருந்தது. கொஞ்சம் கொழுத்த பூனை. மீசை கொஞ்சம் முறுக்கேறியிருந்தது. கன்றுக்குட்டி எல்லாம் இல்லை.

"கால் பங்கு பெரிசு" என்று டாக்டர் தமக்குள் சொல்லிக்கொண்டார். முகம் வாடிவிட்டது.

கேப்டனுக்கு வந்த வியாதியின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் இந்தத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து தூத்துக்குடிக்கே போய்ச் சேர்ந்துவிடலாம். விஷயம் இவ்வளவுதான். உடம்பைக் காவல் காக்க வேண்டிய படை, ஆள் தெரியாமல் சொந்த வீட்டுக்கே தீ வைத்துவிடுகிறது. விழித்திரைக்கு அடியில் அழற்சி கிளம்பி, ஈர மணலில் பாம்பு ஊர்ந்துபோன தடம் மாதிரி வளைந்து வளைந்து அரித்துக்கொண்டே போகும். லட்சம் பேரில் ஒருவருக்குக்கூட வராது. "ஊரெல்லாம் சக்கரை, கொழுப்புன்னு கிடந்து அலையிதான். நமக்கு வந்தது ராஜ வியாதி" என்று மாதா கோயில் வாசலில் நின்று பெருமையடித்த ஒரே நோயாளி கேப்டன்தான்.

மருந்து தீயை அணைத்தது. எரிந்துபோன இடம் மட்டும் மறுபடி துளிர்க்கவில்லை. பார்வையின் ஓரமெல்லாம் இருந்தது, நடு போய்விட்டது. ஒருவரை நேருக்கு நேர் பார்த்தால் காதும் கம்மலும் தெரியும். மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி. அப்போதுதான், இருபது வருடங்களுக்கு முன், சோதனை முயற்சியாகப் பன்னிரண்டு பேருக்கு நிரப்பி வைத்தார்கள். கண்ணாடிச் சட்டத்தில் கடுகு அளவு கேமரா, காதருகே ஒரு ஒலிவாங்கி, கண்ணுக்குள் நகத்துண்டு போன்ற ஒரு தகடு. அன்றைக்கு ரஜியா, படிப்பு முடித்த சூட்டோடு வேலைக்குச் சேர்ந்திருந்த காயல்பட்டினத்துப் பெண். இன்றைக்கு அந்த ஆய்வுக்கே அவர்தான் தலைவி.

"கேப்டன், ஆரம்பத்துல நான் சொன்னது ஞாபகம் இருக்கா? கேமரா கோடு மட்டும்தான் போடும். அதுக்குச் சதை போடுறது உங்க வாய். நீங்க எதைப் பார்த்து என்ன சொல்றீங்களோ, அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நிரப்பி வளரும்னு சொன்னேன்."

"நல்லா ஞாபகம் இருக்கு. அதனாலதான் நான் ஒரு நாளும் வாய மூடுததே இல்ல."

"அதுதான் பிரச்சினையே" என்று டாக்டர் சிரிக்கப் பார்த்து, முடியாமல் நிறுத்தினார். "மேலிடத்துல புது விதி போட்டுட்டாங்க. நிரப்பி காட்டுறதும் கேமரா எடுக்கிறதும் பத்துல ஒரு பங்குக்கு மேல வித்தியாசப்படக் கூடாது. பொய்ப் பார்வை ஆபத்துன்னு சொல்றாங்க. தப்புன்னும் சொல்ல முடியல. பக்கத்துல வர்ற லாரி தூரத்துல தெரிஞ்சா என்ன ஆகும்? மீறினா கத்துக்கிட்டதை எல்லாம் அழிச்சிட்டு முதல்லருந்து தொடங்கணும்."

"தொடங்கினா?"

"உங்க வயசுல மூளை மறுபடி பழகுமான்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. பழகலைன்னா, நடுவுல அந்தக் குழிதான். நிரந்தரமா."

கேப்டன் வாய் திறக்கவில்லை. திருநெல்வேலி ஜில்லாவின் மருத்துவ வரலாற்றிலேயே அது பெரிய நிகழ்ச்சி.

"எனக்கு மட்டும் மனசு வருமா?" என்றார் டாக்டர். "மத்தவங்களுக்கு எல்லாம் வருஷம் போகப் போக மங்கிட்டே வருது. கோவில்பட்டி தங்கக்கனி டீச்சர் இருக்காங்களே, அவங்க நிரப்பி சாம்பலை மட்டும்தான் காட்டுது. பன்னிரண்டுல உங்களுது ஒண்ணுதான் இன்னும் முதல் நாள் மாதிரி துடிப்பா இருக்கு. ஏன்னு எனக்கே புரியல. இன்னொண்ணும் புரியல. இந்த வாய் வளர்த்த பூனை இந்நேரம் யானையா ஆயிருக்கணும். கால் பங்கோட எப்படி நின்னுச்சு?"

"என் தன்னடக்கந்தான்" என்றார் கேப்டன்.

டாக்டர் ஒரு வழி சொன்னார். ஒரு வாரத்துக்கு நிரப்பியை வேகமாகக் கற்றுக்கொள்ளும்படி திறந்து வைக்கிறார். அந்த வாரம் முழுக்கக் கேப்டன் உள்ளதை உள்ளபடி மட்டுமே சொல்ல வேண்டும். பூனை என்றால் பூனை. கால் பங்கு வடிந்து அளவுக்குள் வந்துவிட்டால், அழிக்க வேண்டாம்.

"உள்ளதை உள்ளபடியா? ஒரு வாரமா?" கேப்டன் நெற்றியைத் துடைத்தார். "டாக்டரம்மா, இதுக்கு ஆப்பரேசன் எதுவும் இல்லையா?"

வெளியே நீளப் பெஞ்சில் அவர் மனைவி அமலோற்பவம் உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் சோதனை அறைக்குள் அவரும் கூடவே வருவார். துணைக்கு வந்தவர்கள் உள்ளே வரக்கூடாது என்பதும் புது விதிதான்.

திரும்பும் பேருந்தில் கேப்டன் நடந்ததைச் சொன்னார். ஓட்டுநர் இல்லாத பேருந்து, வல்லநாட்டு மலையைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போனது. "அந்த அறையில ஆயிரம் விளக்கு எரியிது அமலி, சூரியனக் கொண்டாந்து கட்டித் தொங்கவிட்ட மாதிரி."

"அஞ்சாறு இருந்திருக்கும்" என்றார் அமலோற்பவம், சன்னலைப் பார்த்தபடி.

கல்யாணமான புதிதில் புயலில் மாட்டித் திரும்பிய கேப்டன், மூன்று பனை உயரத்துக்கு அலை வந்தது என்று சொன்னபோது, "ஒன்றரை இருக்குமா?" என்று அமலோற்பவம் கேட்டார். அன்றைக்கு ஆரம்பித்தது. அந்த வீட்டுக்குள் நுழைகிற மீன், மழை, கப்பல், காய்ச்சல் எதுவானாலும் பாதியாக வெட்டப்பட்டுத்தான் உள்ளே வரும். கேப்டன் பெருக்குவார், அமலோற்பவம் குறைப்பார். இருவருக்கும் அது சண்டை என்றே தெரியாது. மூச்சு விடுகிற மாதிரி.

"ஒரு வாரம் கழிச்சி என்ன ஆகுமோ" என்றார் கேப்டன். "அதுக்குள்ள உன்னய நல்லா பாத்துக்கிடுதேன். இந்த பஸ்ஸு இல்ல, இந்தக் கடற்கரை முழுக்கத் தேடினாலும் உன்னய மாதிரி ஒரு முகம் கிடையாது."

அமலோற்பவம் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பையைத் துழாவித் தின்ன ஒரு முந்திரி மக்ரூன் எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் உண்மை வாரம் தொடங்கியது. கேப்டன் குளித்து, சலவை வேட்டி கட்டி, நற்கருணைக்குப் போகிறவர் மாதிரி மேசையில் வந்து உட்கார்ந்தார். தட்டில் பொரித்த மீன்.

"ஊளி மீன்" என்றார் கவனமாக. "ஒரு சாண் நீளம்."

"ஆமா, சாண்!" என்றது அடுப்படி. "அதுல பாதி இருந்தாலே அதிசயம்."

"இல்லட்டி, நெசமாவே ஒரு சாண்தான். கையை வச்சிப் பாரு."

"சரி சரி. அரைச் சாணுன்னு வச்சிக்கிடுவோம். சாப்பிடுங்க, ஆறுது."

கேப்டனுக்கு அவமானமாக இருந்தது. உண்மை சொன்னால் ஊரே எழுந்து நின்று கைதட்டும் என்று நினைத்திருந்தார். ஆனாலும் விடவில்லை. வாசலில் நின்ற முருங்கை ஓராள் உயரம் என்றார். பக்கத்து வீட்டு நாய் முழங்கால் உயரம் என்றார். வெயில் சுமாராக இருக்கிறது என்றார். இதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் பதறி, உடம்புக்கு என்ன என்று விசாரிக்க வந்துவிட்டார். ஒவ்வொன்றுக்கும் உள்ளேயிருந்து, வெங்காயம் நறுக்குகிற சத்தத்தோடு சத்தமாக, அமலோற்பவத்தின் பாதி வந்து விழுந்துகொண்டே இருந்தது. அத்தனை வருடப் பழக்கம் என்ன சொன்னார் என்று கேட்டுவிட்டு நறுக்காது, குரல் வந்தாலே பாதியாக நறுக்கிவிடும்.

மூன்றாம் நாள் தட்டில் இருந்த மீன் விரல் அளவு இருந்தது.

"மீன் விலை ஏறிப்போச்சா?" என்று கேட்டார்.

"நேத்து வாங்கின அதே மீன்தான். ஏன்?"

"ஒண்ணுமில்ல."

முருங்கை, கத்தரிச் செடியானது. நாய், பெருச்சாளி ஆனது. ஓரப் பார்வையில் எல்லாம் பழையபடி பெரிதாக இருக்கும். நேராகத் திரும்பிப் பார்த்ததும் சுருங்கி, நிறமும் வெளுத்து, தூரத்தில் போய் நிற்கும். உண்மை இவ்வளவு சின்னதாகவா இருந்தது என்று கேப்டன் மலைத்தார். டாக்டரிடம் சொல்ல நினைத்து, பயந்தார். சொன்னால் அழித்துவிட்டால்? எதற்கும் இன்னும் ஒழுங்காக உண்மை சொல்வோம் என்று தீர்மானித்தார். அதைக் காட்டிலும் பெரிய தவறு ஒன்றை அவர் செய்திருக்க முடியாது.

அன்று மாலை அமலோற்பவத்தையே நேராகப் பார்த்துச் சொன்னார். "நெத்தியில மூணு சுருக்கம். இடது புருவத்துக்கு மேல ஒரு தழும்பு. முடி முக்கால்வாசி நரை."

அமலோற்பவத்தின் கை நின்றது.

"அம்புட்டு ஒண்ணும் இல்ல" என்றார், நெற்றியைத் தடவிக்கொண்டு. "அதுல பாதிதான்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் கேப்டன் காத்துக்கொண்டு நின்றார். பெண்கள் முக்காட்டோடு வெளியே வந்தார்கள். நூறு முக்காடு வந்தாலும் அமலோற்பவத்தை அவர் ஒரு நொடியில் பிடித்துவிடுவார். மற்றவர்கள் எல்லாம் கூட்டம். அமலோற்பவத்தின் முகம் மட்டும் கூட்டத்தைவிட ஒரு சுற்றுப் பெரிதாக, தேரில் மாதா வருகிற மாதிரி மிதந்து வரும். இருபது வருடமாக அப்படித்தான். அதில் ஏதும் விசேஷம் இருப்பதாக அவர் நினைத்ததே இல்லை. மனைவி என்றால் எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று இருந்துவிட்டார்.

இன்றைக்கு வந்ததெல்லாம் பெருவிரல் அளவு முகங்கள். புளியங்கொட்டையைக் கொட்டிவிட்ட மாதிரி, எல்லாம் ஒரே நிறம். கேப்டன் கண்ணை இடுக்கினார். நீலச் சேலை ஒன்று ஓரத்தில் தட்டுப்பட்டது. எட்டிக் கையைப் பிடித்தார்.

"வா அமலி, போவோம்."

"அட மாதாவே!" என்று கையை உதறியது வேறொரு குரல். அது, அவரோடு முப்பது வருடம் பேச்சுவார்த்தை இல்லாத இன்னொரு படகுக் கேப்டனின் மனைவி செசிலி. "ஏ அமலோற்பவம், ஒங்க வீட்டுக்காரருக்கு இந்த வயசுல வந்திருக்க தைரியத்தப் பாரு!"

வாசலே சிரித்தது. கேப்டனும் சிரித்துச் சமாளித்தார். "முப்பது வருசச் சண்டைய முடிச்சி வைப்போம்னு பாத்தேன்!" என்று அடித்துவிட்டு, எதிரில் நின்ற ஒருவரைப் பார்த்துக் கேட்டார்: "எம்மா, அமலி எங்கன்னு பாத்தீங்களா?"

எதிரில் நின்றது அமலோற்பவம்.

அவர் சிரிக்கவில்லை. மெதுவாகக் கேப்டனின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். சிரித்தவர்கள் எல்லாம் நிறுத்திவிட்டார்கள். செசிலியே முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அமலோற்பவம் செய்த முதல் காரியம், டாக்டருக்குப் போன் போட்டதுதான். கேப்டன் தடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "அழிக்கட்டும் அமலி. உன்னய தெரியாத கண்ணு இருந்தா என்ன, போனா என்ன" என்றார். அதில் துளியும் மிகை இல்லை. அதுதான் அமலோற்பவத்துக்குப் பயமாக இருந்தது.

டாக்டர் ரஜியா மதியமே வந்துவிட்டார். உப்பளங்களுக்கு நடுவே ஆளில்லா வண்டி அவரை இறக்கிவிட்டுப் போனது. கையில், கேப்டனின் பார்வையைக் காட்டும் சின்னத் திரை. அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "கால் பங்கு குறையச் சொன்னா, இது பத்துல ஒரு பங்குதான் மிச்சம் வச்சிருக்கு. அப்படி என்னதான் சொன்னீங்க, கேப்டன்?"

"உண்மைய மட்டுந்தான் சொன்னேன். பைபிள்ல அடிச்சிச் சத்தியம் பண்ணுதேன். இப்பவும் சொல்லுதேன், பாருங்க." மேசையிலிருந்த எவர்சில்வர் டம்ளரைக் காட்டினார். "இந்த டம்ளர் அரைச் சாண் உயரம் இருக்கும்."

"அதுல பாதி இருக்கும்" என்றது அடுப்படி.

டாக்டரின் கையிலிருந்த திரையில் டம்ளர் சட்டென்று குன்றியது.

டாக்டர் திரையை உதறிப் பார்த்தார். அடுப்படியைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"கேப்டன், இப்ப உங்க பழைய பாணியில சொல்லுங்க."

"அழிச்சிருவாங்கன்னு சொன்னீங்களே?"

"அதை நான் பாத்துக்கிறேன். சொல்லுங்க."

ஒரு வாரமாக அடைத்து வைத்த அணை. கேப்டன் எழுந்தே நின்றுவிட்டார். "டம்ளரா இது? மாதா கோயில் கோபுரம்! உச்சியில நின்னு பாத்தா இலங்கை தெரியும்! இதுல காப்பி ஊத்தினா ஊரே குடிச்சிட்டு, மிச்சத்துல நம்ம படகு மிதக்கும்!"

திரையில் டம்ளர் விம்மி, விளிம்பு கூரையைத் தொட்டது.

"போதும், போதும். கூப்பாடு போடாதிய" என்றபடி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார் அமலோற்பவம். "ஒரு வாய் காப்பி கொள்ளும். அவ்வளவுதான்."

டம்ளர் கீழே இறங்கி, மேசைமேல் அடக்கமாக உட்கார்ந்தது. பளபளவென்று, தன் அளவுக்கு ஒரு நூல் கூடுதலாக.

டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "அம்மா, முதல் வருஷம் நிரப்பியைப் பழக்கினப்போ நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?"

"இவரு பக்கத்துலதான். இவரு அளந்து விடும்போது பிடிச்சி இழுக்க ஆள் வேண்டாமா?"

"கண்ணுக்குச் சொந்தக்காரர் குரலை மட்டும்தான் கேக்கணும்னு அதுக்குச் சொல்லி வச்சிருந்தோம். அது ஒரு ஆள் பேசும், இன்னொரு ஆள் சும்மா இருக்கும்னு எதிர்பார்த்திருக்கும். நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் முடிக்கிறதுக்குள்ள இன்னொருத்தர் ஆரம்பிச்சிருக்கீங்க. அதனால அது உங்களை ரெண்டு ஆளாவே நினைக்கல. ஒரே ஆள், ரெண்டு வாய்னு எடுத்துக்கிச்சு. ஒரு வாய் பெருக்கும், ஒரு வாய் குறைக்கும். ரெண்டையும் கூட்டி இருபது வருஷமா ஒரு அளவுக்கு வந்து நின்னிருக்கு. அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீங்க வெளிய உக்காந்திருந்ததாலதான் பூனை கால் பங்கு கூடிச்சு. இந்த வாரம் பெருக்குற வாய் நின்னுபோச்சு. குறைக்கிற வாய் மட்டும் வேலை பாத்திருக்கு."

அமலோற்பவம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் சொன்னத என்னைக்கு இவரு காதுல வாங்கினாரு?"

"அவர் காது வாங்கல, அம்மா. அவர் கண்ணு வாங்கியிருக்கு."

டாக்டரின் சிரிப்பு வடிந்துவிட்டது.

"தங்கக்கனி டீச்சருக்கு நாங்க மருந்தை மாத்தி மாத்திக் கொடுத்துட்டிருந்தோம்" என்றார். "நரம்பு வீக்கம், வயசுன்னு என்னென்னமோ சொன்னோம். அவங்க தனியா இருக்காங்க. வீட்டுக்காரர் தவறி எட்டு வருஷம். அந்த வீட்டுல 'இதைப் பாரேன்'னு சொல்ல ஒரு ஆள் இல்ல, 'அப்படி இல்ல'ன்னு மறுக்க ஒரு ஆள் இல்ல. நிரப்பி எதைக் கேட்டு வளரும்? மங்கினவங்க எல்லாரையும் நினைச்சுப் பாக்கிறேன்... முக்கால்வாசிப் பேர் தனிக்கட்டை. நாங்க கண்ணை மட்டும் சோதிச்சிட்டு இருந்திருக்கோம்."

"நம்பர் இருக்கா?" என்று கேட்டார் கேப்டன்.

"யாரோட நம்பர்?"

"டீச்சரோடதுதான். சண்டைக்கு ஆள் வேணும்னா தூத்துக்குடியில சொன்னா போதாதா?"

அன்று மாலையே கோவில்பட்டிக்குப் போன் போனது. தங்கக்கனி டீச்சர் அளந்து பேசுகிறவர். தெருவில் ஒரு வேப்பமரம் நிற்கிறது, சாம்பலாகத் தெரிகிறது என்றார்.

"நிக்கின்னா என்ன டீச்சர், எம்புட்டு?" என்று கேப்டன் தொடங்கினார். "அதுல குருவி எத்தன ஆயிரம்?"

"ஆயிரமா? நாலு சத்தம் கேக்குது, சார்."

"நாலு சத்தம்னா நாப்பது குருவி. ஒவ்வொண்ணும் கோழிப் பருமன்!"

"டீச்சர், நீங்க அவரு சொல்லுதத நம்பாதிய" என்று அமலோற்பவம் இடையில் புகுந்தார். "ஆனா நாலுன்னும் சொல்லாதிய. எட்டிப் பாத்து எண்ணுங்க."

அந்தப் பக்கம் சன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. பத்து நாள் போல இப்படியே போனது. ஒரு நாள் டீச்சர் தானே கூப்பிட்டார். வேப்பமரத்தில் பழுப்பும் பச்சையுமாக ஏதோ அசைகிறது என்றார். சொல்லிவிட்டு, அது இலைதானா என்று கேட்டுக் கேப்டனோடு அரை மணி நேரம் சண்டை போட்டார்.

பழைய பழக்கம் திரும்பியதும் கேப்டனின் உலகமும் வளர்ந்துவிட்டது. முருங்கை எழுந்தது, நாய் நாயானது. மீன் தட்டுக்கு வெளியே வாலை நீட்டியது. ஒரு காலையில் காப்பி கொடுக்க வந்த அமலோற்பவத்தை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன?"

"மாதாவுக்கு நன்றி. மருந்துக்கு நன்றி. டாக்டரம்மாவுக்கு நன்றி. இத்தன நாளும் காலையில எந்திரிச்சதும் இப்படித்தான் ஒவ்வொருத்தருக்கா சொல்லிக்கிட்டு வந்தேன். உம் பேரச் சொன்னதே இல்ல. பக்கத்துலேயே கிடந்ததால விட்டுப்போச்சி." டம்ளரைக் கீழே வைத்தார். "நீ வெட்டி வெட்டி விடலைன்னா, நான் இந்த இருபது வருசத்துல பூனையப் பாத்துப் பயந்தே செத்திருப்பேன், அமலி."

அமலோற்பவம் டம்ளரை எடுத்து மறுபடி அவர் கையில் கொடுத்தார். "காப்பி ஆறுது" என்றார்.

மறுசோதனைக்கு டாக்டர் மேலிடத்தோடு மல்லுக்கட்டி, துணையையும் உள்ளே விட அனுமதி வாங்கியிருந்தார். நிரப்பி அந்த அம்மாவையும் சேர்த்துத்தான் ஒரு ஆளாக எடுத்துக்கொண்டிருக்கிறது, பாதி ஆளை வெளியே உட்கார வைத்துச் சோதிப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டிருக்கிறார். பூனை வந்தது. கேப்டன் அதைப் புலியாக்கினார். அமலோற்பவம் அதன் வாலைப் பிடித்து இழுத்து வீட்டுக்குள் விட்டார். படகு வந்தது, தென்னை வந்தது, குடை பிடித்த ஒரு மனிதர் வந்தார். எல்லாம் ஏறி, இறங்கி, அளவுக்குள் வந்து நின்றன.

"பாஸ்" என்றார் டாக்டர், பெருமூச்சோடு. "அழிக்க வேண்டாம்." பிறகு அவருக்கு ஒரு ஆசை வந்தது. "அம்மா, கடைசியா நீங்க கொஞ்சம் அவர் முன்னால வந்து நில்லுங்களேன்."

அமலோற்பவம் வந்து நின்றார். டாக்டர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

திரைக்குள் முகம் அடங்கவில்லை. நெற்றியின் சுருக்கங்கள் இருந்தன, தழும்பு இருந்தது, நரையும் இருந்தது. எல்லாம் அப்படியே, ஆனால் தேரில் வரும் மாதாவைப் போல ஒளியோடு நான்கு பக்கமும் வழிந்தன. அன்றைக்குப் பூனை கூடியது கால் பங்கு. இதற்கு அளவே இல்லை.

டாக்டருக்கு மெல்லப் புரிந்தது. இந்த அம்மா மீனைக் குறைத்திருக்கிறார். அலையைக் குறைத்திருக்கிறார். புயலை, கப்பலை, கோபுரத்தை, ஆயிரம் விளக்கைக் குறைத்திருக்கிறார். இந்த மனிதர் இருபது வருடமாக இந்த முகத்தைப் பற்றி அளந்துவிட்டதில் மட்டும், அந்த அம்மா ஒரு தடவைகூட ஒரு நூல்கூடக் குறைத்ததில்லை.

"அம்மா," என்று திரையை அவர் பக்கம் திருப்பினார், "இது ஒண்ணு மட்டும் விதிக்கு அடங்கலையே. என்ன செய்யலாம்?"

அமலோற்பவம் குனிந்து பார்த்தார். தன் கணவரின் கண்ணுக்குள் போய்த் தன்னைப் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. நீண்ட நேரம் பார்த்தார். பின்னால் கேப்டன், "என்ன அமலி, ரொம்பப் பெருசா இருக்கா?" என்று கவலையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

அமலோற்பவம் நிமிர்ந்து, சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"ஏன்?" என்றார். "சரியாத்தான இருக்கு."